சைக்கிளோடு கம்பிவட லிஃப்டில் மலை மேலே ஏறி, மண் தடத்தில் ஓட்டி இறங்கும் மவுண்டன் பைக் பார்க்குக்கு முதல் முறையாகப் போகிறேன். பயமாக இருக்கிறது. எப்படிச் சமாளிப்பது?

பயம் போன பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே போங்கள். போய், அந்தப் பார்க்கில் இருப்பதிலேயே எளிதான பச்சைத் தடத்தில், அலுத்துப்போகும் வரை திரும்பத் திரும்ப இறங்குங்கள். என் பதிலின் சாரம் இவ்வளவுதான். இதற்கு நீங்கள் பெரிய தைரியசாலியாக இருக்க வேண்டியதில்லை.

மண்பாதைகளில் ஓட்டிப் பழக்கம் உண்டு, ஆனால் பைக் பார்க் வீடியோக்களைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கலக்கத்தான் செய்யும். வீடியோ போடுகிறவர்கள் தேடிப்பிடித்துப் போடுவது பறக்கிற தடங்களைத்தானே? கனடாவில் இருக்கும் விஸ்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் தொடங்கிய பார்க். பைக் பார்க் என்றால் பலர் முதலில் சொல்லும் பெயர். அங்கிருந்து வரும் வீடியோக்களில் அடிக்கடி கண்ணில் படுவது ஏ-லைன் என்ற தடம். ஒன்றை அடுத்து ஒன்றாகத் தாவல் மேடுகள், கடினமானது என்று காட்டும் கறுப்பு வைரக் குறி போட்டது. அதே பார்க்கில் ஈஸி டஸ் இட் என்று ஒரு பச்சைத் தடமும் இருக்கிறது. அதைப் படம்பிடித்துப் போடுகிறவர்கள் குறைவு. நீங்கள் பார்த்துப் பயந்தது ஒரு தடம், போய் இறங்கப் போவது வேறொரு தடம் என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தடங்களின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று கடினம் ஏறிக்கொண்டே போகும். ஐரோப்பாவில் பெரும்பாலும் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. நீங்கள் வேறு ஊரில் 'நீலம் ஓட்டியிருக்கிறேன்' என்பதை வைத்து இங்கே நேராக நீலத்துக்குப் போய்விடக் கூடாது. ஒரு பார்க்கின் நிறங்கள் அந்தப் பார்க்குக்குள் ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் போட்டவை. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் புது இடத்தில் முதல் இறக்கம் பச்சையில்தான் என்று வைத்துக்கொள்வது நல்லது. நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

பலர் வெளியில் சொல்லாத இன்னொரு பயம் லிஃப்டைப் பற்றியது. சைக்கிளை எப்படி ஏற்றுவது, வரிசையில் எல்லோரும் பார்க்கும்போது தடுமாறிவிடுவோமா என்பது. வரிசையில் சேரும் முன் ஓரமாக ஒரு ஐந்து நிமிடம் நின்று, மற்றவர்கள் ஏற்றுவதைப் பாருங்கள். நாற்காலி லிஃப்டாக இருந்தால் வண்டிக்கென்று கொக்கியோ தட்டோ இருக்கும். சில இடங்களில் ஊழியரே வாங்கி மாட்டிவிடுவார், சில இடங்களில் நீங்கள் தூக்கி வைக்க வேண்டும். டவுன்ஹில் வண்டி, அதாவது மலையிறக்கத்துக்கென்றே செய்த சைக்கிள், நல்ல கனம், அதனால் கை கொடுக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். 'முதல் தடவை வருகிறேன்' என்று ஊழியரிடம் சொல்லிவிட்டால் போதும், லிஃப்டின் வேகத்தைக்கூடக் குறைத்துக் கொடுப்பவர்கள் உண்டு.

மேலே இறங்கியதும் கூட்டத்தோடு கூட்டமாகத் தடத்துக்குள் பாய வேண்டாம். ஓரமாக ஒதுங்கி, சீட்டை முழுக்க இறக்குங்கள். சமதரையில் மெதுவாக ஒரு வட்டம் அடித்து இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். வாடகை வண்டி என்றால் இது மிக மிக முக்கியம். அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் இடது கை லீவர்தான் முன் பிரேக். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற இடங்களில் வலது கை. மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு முன் பிரேக் என்றால் வலது கை என்று உடம்பிலேயே ஊறியிருக்கும். அவசரத்தில் மூளை யோசிக்காது, விரல் தானாக இழுக்கும். அந்த விரல் எந்தச் சக்கரத்தை நிறுத்துகிறது என்பது இறங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். லீவர் எட்டவில்லை என்றால் வாடகைக் கடையிலேயே சொல்லி உள்ளே தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரல் ஒன்றே போதும் பிரேக் பிடிக்க. இந்த வண்டிகளின் டிஸ்க் பிரேக்குக்கு அவ்வளவு பலம் உண்டு. மீதி மூன்று விரல்களும் கட்டைவிரலும் ஹேண்டில்பாரை விடாமல் பிடித்திருக்கட்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பயம் மனதில் மட்டும் நிற்பதில்லை, அது உடம்பின் நிலையையே மாற்றிவிடுகிறது. சரிவைப் பார்த்ததும் உடம்பு தானாகப் பின்னால் போகும். கை நேராக விறைத்துக்கொள்ளும், மூச்சு நின்றுவிடும், கண் முன்சக்கரத்துக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும். பாதுகாப்பாக இருப்பதாக நமக்குத் தோன்றும். ஆனால் எடை முழுக்கப் பின்னால் போனதும் முன்சக்கரத்தில் அழுத்தம் குறைந்து, மண்ணைக் கவ்வும் பிடிமானம் போய்விடுகிறது. வளைவில் திருப்பினால் வண்டி திரும்பாது, முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு நேராகப் போகும். பயந்தது நடந்துவிடும், நடக்க வைத்ததும் அந்தப் பயமே. எனக்குத் தெரிந்து, புதிதாக வருகிறவர்கள் சமாளிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

இதற்கு மாற்று, நின்றபடி ஓட்டும் ஒரு தயார் நிலை. பெடல்கள் இரண்டும் ஒரே உயரத்தில், குதிகால் சற்றுத் தாழ்ந்து, எடை முழுக்கப் பாதத்தில். முழங்கால் மடங்கி, இடுப்பு பின்னுக்குச் சாய்ந்து, மார்பு தாழ்ந்து, முழங்கைகள் மடங்கி வெளிப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவர் முழங்காலைத் தளர்த்திக்கொண்டு நிற்பார் இல்லையா, அந்தத் தளர்ச்சி வேண்டும். கையில் எடை ஏறவில்லை என்று எப்படித் தெரியும்? விரல்களைப் பியானோ வாசிப்பதுபோல் ஒரு கணம் அசைத்துப் பாருங்கள். அசைக்க முடிந்தால் சரியாக நிற்கிறீர்கள். சரிவு கூடக்கூட இடுப்பு இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம், ஆனால் முழங்கையின் மடிப்பு மட்டும் மறையக் கூடாது.

மூச்சுக்கு ஒரு எளிய வழி உண்டு. இறங்கும்போது வாய்விட்டுப் பேசுங்கள். 'அடுத்து இடது வளைவு, பிரேக், விடு, பார்' என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு போங்கள். பாட்டுப் பாடினாலும் சரி. பேசுகிறவரால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. மூச்சு விட்டால் தோள் இறங்கும், தோள் இறங்கினால் முழங்கை மடங்கும்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தக் கல்லில் மோதக் கூடாது என்று வெறித்துப் பார்க்கிறோமோ, வண்டி அந்தக் கல்லைத் தேடிப் போகும். இரண்டு மூன்று நொடியில் போய்ச் சேரப்போகும் இடத்தைப் பாருங்கள். வளைவில் நுழையும்போதே அது முடியும் வாசலைப் பாருங்கள். முகம் திரும்பினால் தோள் திரும்பும், தோளோடு வண்டியும் திரும்பும்.

ஒரு வளைவை மட்டும் எடுத்துச் சொல்கிறேன், ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப இறங்குவதால் என்ன கிடைக்கிறது என்பது புரியும். பார்க்குகளில் வளைவின் வெளிப்பக்கத்தில் மண்ணைச் சரித்துச் சுவர்போலக் கட்டியிருப்பார்கள், பெர்ம் என்பார்கள். முதல் இறக்கத்தில் அந்தச் சுவரைப் பார்த்துப் பயந்து, வளைவின் உள்பக்கமாக, உதிரிக் கல் கிடக்கும் தட்டையான இடத்தில், வளைவு முழுக்கப் பிரேக்கைப் பிடித்தபடி நடுங்கி நடுங்கித் திரும்புவோம். பின்சக்கரம் சறுக்கும். அடுத்த முறை வளைவு வருவது முன்பே தெரியும், நேரான பகுதியிலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்வோம். அதற்கடுத்து, சுவரின் பாதி உயரத்தில் சக்கரத்தை ஏற்றிப் பிரேக்கை விட்டுப் பார்ப்போம். அப்போது ஒரு உணர்வு வரும்: சுவர் வண்டியைத் தாங்கிக்கொள்கிறது, டயர் மண்ணில் பதிகிறது, பாதத்தில் எடை அழுந்துகிறது, வண்டி தானாகச் சுற்றி வெளியே வருகிறது. அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பெர்ம் பயமுறுத்தக் கட்டியதில்லை, உங்களைத் தாங்கக் கட்டியது என்று உடம்புக்குப் புரிகிற இடம் அது. யார் எவ்வளவு விளக்கினாலும் அது காதுக்குத்தான் புரியும். உடம்புக்குப் புரிய அதே வளைவுக்கு மறுபடி மறுபடி வர வேண்டும். அதனால்தான் ஒரே தடம், ஒரே தடம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவதும் புதியவர்களின் பழக்கம். முழங்கைக்குக் கீழே சதை கல்லாக இறுகி, கொஞ்ச நேரத்தில் விரலே மடங்காது. பிரேக்கும் சூடேறி வலு குறையலாம். நேரான இடத்தில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்தே பிடியுங்கள். முன் பிரேக் என்றால் குப்புறத் தள்ளிவிடும் என்று பயந்து அதைத் தொடாமலே இறங்குகிறவர்கள் உண்டு. ஆனால் வண்டியை அதிகம் நிறுத்துவது முன் பிரேக்தான். வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்தினால், குதிகால் தாழ்ந்திருந்தால், தூக்கி எறியாது.

தாவல் மேடுகளைக் கண்டு கவலைப்பட வேண்டாம். பச்சைத் தடத்தில் கட்டாயம் பறந்தே ஆக வேண்டிய இடம் பொதுவாக வைக்க மாட்டார்கள். மேடு இருந்தாலும் மேற்பகுதி தட்டையாக இருக்கும், டேபிள்டாப் என்பது அதுதான். மெதுவாக ஏறி அப்படியே உருண்டு இறங்கிவிடலாம். நடுவில் பள்ளம் விட்ட மேடுகள் வேறு வகை, அவை கடினமான தடங்களில்தான் வரும். மறுபக்கம் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்காத எதன் மேலும் வேகமாகப் போகக் கூடாது. இறங்கி, வண்டியை ஓரம் வைத்து, நடந்து போய்ப் பார்க்கலாம். தள்ளிக்கொண்டு கடக்கலாம். நன்றாக ஓட்டுகிறவர்களே புதுத் தடத்தில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

'பின்னால் வேகமாக வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருப்பேனே' என்ற கூச்சம் இருக்கிறதே, இது விழுந்துவிடுவோமோ என்ற பயத்தைவிடப் பெரியது என்று எனக்குத் தோன்றும். தடத்தில் முன்னால் போகிறவருக்குத்தான் முதலுரிமை. பாதுகாப்பாகத் தாண்டிப் போவது பின்னால் வருகிறவரின் பொறுப்பு. சக்கரச் சத்தம் கேட்டதும் பதறி ஓரத்துக்கு வெட்டித் திருப்பாதீர்கள், அதுதான் ஆபத்து. உங்கள் கோட்டிலேயே நிதானமாகப் போய், அகலமான இடம் வந்ததும் நின்று வழிவிடுங்கள். நிற்கும்போது தடத்தை விட்டு முழுக்க வெளியே வந்து, மேலிருந்து வருகிறவர் கண்ணில் படும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். மேட்டின் மறுபக்கத்திலும், மறைவான வளைவுக்குப் பின்னாலும் நிற்கவே கூடாது. இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் நீங்கள் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

யாரோடு போகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். 'ஒண்ணும் ஆகாது, என் பின்னாலயே வா' என்று இழுக்கும் நண்பரைவிட, உங்கள் பின்னால் பொறுமையாக வரும் நண்பர் மேல். அப்படி ஆள் இல்லையென்றால் பார்க்கிலேயே நடத்தும் புதியவர் வகுப்பில் சேருங்கள். செலவழிக்க வேண்டியது ஒன்றுதான் என்றால் புது வண்டிப் பாகங்களை விட்டுவிட்டு இதற்குச் செலவழிக்கச் சொல்வேன்.

தாடை வரை மூடும் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், முழங்கால் கவசம், முழங்கைக் கவசம், முழுவிரல் கையுறை ஆகியவை கட்டாயம். தட்டையான அடியுள்ள ஷூ. வாடகைக்குக் கிடைத்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி ஆட்டினால் கன்னமும் சேர்ந்து ஆட வேண்டும், அதுதான் சரியான அளவு. வரைபடத்தில் இருக்கும் பார்க் ரோந்துக் குழுவின் அவசர எண்ணை லிஃப்ட் ஏறும் முன் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

மாலையில் ஜாக்கிரதை. கை சோர்ந்திருக்கும், ஆனால் மனம் அப்போதுதான் தைரியம் கொண்டிருக்கும். அந்தச் சேர்க்கை நல்லதில்லை. வளைவுகளுக்கு முன்னால் எல்லோரும் பிரேக் பிடித்துப் பிடித்துத் தரை அலை அலையாகக் குழிந்திருக்கும் இடங்களும் சோர்ந்த கைக்கு இரண்டு மடங்காகத் தெரியும். பிரேக் லீவரைப் பிடிக்க இரண்டாவது விரல் தேவைப்படுகிறது என்றால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் நாளுக்கு அரைநாள் டிக்கெட் கிடைத்தால் அதுவே போதும், காலை நேரமாகப் பார்த்து வாங்குங்கள்.

நீலத்துக்கு எப்போது போகலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். பச்சைத் தடத்தில் எங்கும் நிற்காமல், விரல்கள் இறுகாமல், அடுத்து என்ன வளைவு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கீழே வர முடிகிறபோது போகலாம். அது அதே நாளாக இருக்கலாம், அடுத்த பயணமாகவும் இருக்கலாம். லிஃப்ட் ஊழியரிடமோ ரோந்துக் குழுவினரிடமோ 'நீலத்தில் மிக எளிதானது எது, நடுவில் பச்சைக்குத் திரும்பி வந்துவிட வழி இருக்கிறதா' என்று கேளுங்கள். பல பார்க்குகளில் தடங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும், அதனால் ஒரு துண்டு நீலத்தை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லையென்றால் அடுத்த சந்திப்பில் பச்சைக்கே வந்துவிடலாம். அந்தத் துண்டையும் முதல் முறை நின்று நின்று, பார்த்துப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.