பரணில் கிடக்கும் பதிவேடுகள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தின் காலத்தைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படிப்பவள் நான். என் அப்பா அந்த இயக்கத்தில் தொண்டராக இருந்தவர். இயக்கம் ஓய்ந்ததும் 1993-ல் அவரும் நண்பர்கள் நால்வரும் எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு ஒரு மாலை வகுப்பு தொடங்கினார்கள். பிறகு அதைச் சங்கமாகப் பதிவு செய்தார்கள். இன்றும் நடக்கிறது. இப்போது நான் செயலாளர்.

சங்க வரலாற்றை ஒரு சிறு மலராகக் கொண்டுவர நினைக்கிறோம். வரைவை இணைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது, என்ன தலைப்பு வைப்பது என்று நீங்கள் சொல்ல வேண்டும். இன்னொரு சங்கடம். பத்து வருடமாக வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம்தான் கேட்கிறார்கள். 'எழுத்தறிவுக்குத் தொடங்கியது டியூஷன் சென்டர் ஆகிவிட்டது' என்று மூத்தவர்கள் வருந்துகிறார்கள். மலரில் அதை அடக்கி வாசிக்கலாமா? அச்சுச் செலவை ஏற்க ஒரு நிறுவனம் முன்வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் அவர்கள் படம் வேண்டுமாம்.

பாதியில் நின்றவர்கள் எங்களிடம் அதிகம். ஆர்வமில்லாதவர்களைப் பற்றி நாசூக்காக எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. பழைய வருகைப் பதிவேடுகள் இரண்டு மூட்டை பரணில் கிடக்கின்றன. வெள்ளையடிக்கும்போது எடைக்குப் போட்டுவிடச் சொல்கிறார் அப்பா.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் ஓடிப்போய்த் திரும்ப வாங்குங்கள். கடைக்காரர் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு கேட்டாலும் கொடுங்கள்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். நிறுவனத்தின் படத்தைக் கடைசிப் பக்கத்தில் போடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் மலரின் பக்கங்களைக் குறையுங்கள். இதற்கெல்லாம் என்னைக் கேட்க வேண்டியதில்லை.

ஆங்கில விஷயத்தில் உங்கள் மூத்தவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எந்த மீடியத்தில் படிக்கிறார்கள் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். மாத்திரை அட்டையின் பின்னால் காலாவதி மாதம் ஆங்கிலத்தில் மூன்று எழுத்தாக அச்சாகியிருக்கிறது. ஜூனுக்கும் ஜூலைக்கும் கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்துக்காகப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடாமல் இருக்க ஒரு பெண் உங்கள் வகுப்புக்கு வருகிறாள் என்றால் அதுவும் எழுத்தறிவுதான். அதை அடக்கி வாசிக்க என்ன இருக்கிறது? 1991-ல் பட்டாவில் தன் பெயரைத் தேடிப் படிக்க வந்தவரும் இதற்காகத்தான் வந்தார். சரி, அது போகட்டும்.

வரைவைப் படித்தேன். பதினொரு பக்கம். அதில் ஒன்பது பக்கம் சிறப்பு விருந்தினர்களின் படங்கள். 'அறியாமை இருள்' நான்கு இடத்தில் வருகிறது. 'கைதூக்கி விட்டோம்' இரண்டு இடத்தில். கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, யாரை யார் தூக்கிவிட்டது? பகலெல்லாம் கல் உடைத்துவிட்டு, சோறாக்கிப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, எட்டரை மணிக்கு ஒருத்தி உங்கள் அப்பா முன்னால் வந்து உட்கார்ந்தாளே, அப்போது உங்கள் அப்பாவைத் தூக்கி விட்டது யார்?

'ஆர்வமில்லாதவர்கள்' என்ற சொல்லை மலரில் மட்டுமல்ல, உங்கள் பேச்சிலிருந்தே எடுத்துவிடுங்கள். அந்தச் சொல்லைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ஏனென்றால் ஒரு காலத்தில் அதே சொல்லை நானும் எழுதினேன், ஓர் அறிக்கையில், நல்ல கையெழுத்தில்.

1991 கடைசியில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் எனக்கு வகுப்பு. கல்லூரி முடித்து வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவன். கோயில் மண்டபம், ஒரு அரிக்கேன் விளக்கு, இருபது பெண்கள். நான் 'அ'வில் ஆரம்பிக்கவில்லை. 'அ' ஒரு சிக்கல் பிடித்த எழுத்து, சுழிக்க வேண்டும், வளைக்க வேண்டும். சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்குள் பல்ப்பம் சுழலாது. 'ட'வில் ஆரம்பித்தேன். மேலிருந்து கீழே ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு. அப்புறம் 'ப'. இரண்டாம் நாளே பாதிப்பேர் இரண்டு எழுத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

மூன்றாம் மாதம் கூட்டம் குறைந்தது. ஏழு பேர், சில நாள் ஐந்து பேர். கடலை பறிப்பு முடிந்த பிறகும் வரவில்லை. ஆர்வம் குறைந்துவிட்டது என்று எழுதி அனுப்பினேன். பிறகுதான் தெரிந்தது, ஊருக்கு வெளியே காய்ந்த கண்மாய்க்குள் வாடகை சைக்கிளை வைத்துக்கொண்டு அத்தனை பேரும் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் அறிவொளியோடு சேர்த்திருந்தார். 70,000-க்கும் அதிகமான பெண்கள் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அதில் என் மண்டபத்துப் பெண்களும் உண்டு. என் பதிவேட்டிலோ அந்த மாதம் முழுக்க அவர்கள் 'வரவில்லை'.

இப்போது புரிகிறதா, ஏன் மூட்டையை எடைக்குப் போடாதே என்கிறேன் என்று?

என் வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். மதிப்பீட்டுக்கு ஆள் வரப்போவதாகச் செய்தி வந்தது. வெறும் கட்டங்களோடு பதிவேட்டைக் காட்ட எனக்குப் பயம். ஒரு மத்தியானம் மண்டபத்தில் தனியாக உட்கார்ந்து மூன்று மாத வருகையையும் நிரப்பினேன். ஒரே மாதிரி தெரியக் கூடாது என்று இரண்டு பேனா. சில கோடுகளைச் சாய்த்து, சிலவற்றை நேராக. தண்ணீர் எடுத்துக்கொண்டு போன அப்பத்தா ஒருவர் குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். திட்ட வயது பதினைந்திலிருந்து முப்பத்தைந்து. கணக்குப்படி அவர் என் மாணவியே இல்லை. நான்தான் பெயரைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரலை வைத்துத் தன் பெயரைக் கண்டுபிடித்தார். அப்படியே வலப்பக்கம் நகர்த்திக்கொண்டு போய் ஒரு கட்டத்தில் நிறுத்தி, மேலே இருந்த எண்ணைப் படித்தார். பதினேழு.

"அன்னிக்கு நான் என் தங்கச்சி சாவுக்குல்ல போயிருந்தேன்?"

நான் பேசவில்லை.

"அழிச்சிரு தம்பி."

மை. அழிக்க முடியாது. கோட்டின் மேல் ஒரு கோடு போட்டு அடித்து, அந்தச் சின்னக் கட்டத்துக்குள் 'இல்லை' என்று நுணுக்கி எழுதினேன். அவர் குனிந்து எழுத்துக்கூட்டினார். இ... ல்... லை. தலையாட்டிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

தேசிய எழுத்தறிவு இயக்கம் வைத்திருந்த அளவுகோல் ஒன்று உண்டு. நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்க வேண்டும், ஏழு சொல் பார்த்து எழுத வேண்டும், நூறு வரை எண் தெரிய வேண்டும். அப்பத்தா அந்தச் சோதனைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் 30 சொல் படித்திருக்க மாட்டார். அவர் கற்றவர் கணக்கில் இல்லை. நான் பொய்யாகக் கோடு போட்ட சிலர் கணக்கில் இருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் வரைவில் 'ஆயிரக்கணக்கானோர் பயனடைந்தனர்' என்று வருவதை நான் நம்பவில்லை. உங்கள் அப்பா பொய் சொல்கிறவர் என்று அர்த்தமில்லை. அவரும் என்னைப் போல ஒரு பேனா வைத்திருந்தவர்தானே. ஆனால் 'வரவில்லை' என்று விட்ட கட்டத்தை யாரும் பொய்யாக விடுவதில்லை. அதனால் அதிலிருந்து தொடங்குங்கள். பதிவேட்டை விரித்து, வெறும் கட்டங்களைப் பாருங்கள். எந்த மாதத்தில் எல்லோர் கட்டமும் காலி? அது நடவாக இருக்கும், ஆடித் திருவிழாவாக இருக்கும், மழையில் கூரை ஒழுகியதாக இருக்கும். யாருடைய கட்டம் மட்டும் திடீரென்று நின்றுவிட்டது? அவரைத் தேடிப் போங்கள். இருந்தால் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். புருஷன் போகாதே என்றிருப்பார். பேறுகாலம் வந்திருக்கும். இல்லாவிட்டால், கையெழுத்துப் போடத் தெரிந்ததும் நின்றிருப்பார். அதற்காக மட்டுமே வந்தவர், அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடைக்கு உப்பு வாங்க வந்தவர் உப்பு வாங்கிக்கொண்டு போனால் 'பாதியில் நின்றவர்' என்றா சொல்வோம்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத்தான் பாதி, முழுசு எல்லாம். பெரியவர்கள் தங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துதான் வருகிறார்கள். உங்கள் ஆங்கில வகுப்பிலும் இதுதான் நடக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் பெயர் சேமிக்கத் தெரிந்ததும் ஒரு அம்மா வருவதை நிறுத்துவார். திட்டாதீர்கள்.

இன்னொன்றும் அந்த மூட்டைக்குள் இருக்கிறது. 1978 அக்டோபர் 2-ல் முதியோர் கல்விக்கு ஒரு தேசியத் திட்டம் வந்தது. 1988-ல் இன்னொன்று. 2009-ல் சாக்ஷர் பாரத். அது 2018 மார்ச்சில் முடிந்தது. 2022-ல் வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்க விழா உண்டு. ஒன்று ஓய்ந்து அடுத்தது வருவதற்குள் பணமும் வராது, புத்தகமும் வராது, ஜீப்பும் வராது. அந்த வருடங்களைப் பற்றி அரசுக் கோப்பில் எதுவும் கிடைக்காது, ஏனென்றால் கோப்பே இல்லை. உங்கள் அப்பா சாக்பீஸைக் கைக்காசில் வாங்கிய வருடங்கள் அவை. அதற்குச் சாட்சி அந்தப் பதிவேடு ஒன்றுதான். அதைப் போய் எடைக்குப் போடச் சொல்கிறாரே மனுஷர்! ஒன்றும் கோபமில்லை, அவரிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்த வயதில் தன் பழைய கையெழுத்தைப் பார்க்க எல்லோருக்கும் தைரியம் வருவதில்லை. எனக்கும் வரவில்லை. என் பதிவேடு எங்கே போனது என்று நான் தேடவே இல்லை.

வெள்ளையடிப்பதற்கு முன்னால் மூட்டையை இறக்கி ஒரு நாள் வெயிலில் வையுங்கள். கரையான் இருந்தால் உதிரும். பக்கம் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். போனிலேயே ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். நிழல் விழாமல் எடுக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் புரட்ட, ஒருவர் எடுக்க. உங்கள் ஆங்கில வகுப்பிலிருந்து ஒரு அம்மாவைப் புரட்டக் கூப்பிடுங்கள். யார் கண்டது, தன் மாமியார் பெயரை அதில் பார்த்தாலும் பார்ப்பார்.

தலைப்பு கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு எதுவும் தோன்றவில்லை. எங்கேயாவது ஒரு கட்டத்தில் கோட்டை அடித்துவிட்டு மேலே ஏதாவது எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.