டார்க் சோல்ஸ்: எலும்புக்கூடு இருக்குற பக்கம் போகாதீங்க

ப்ரோ, டார்க் சோல்ஸ் கேம்ல ஃபயர்லிங்க்ங்கிற இடத்துல இறங்கினதும் நேரா கல்லறைப் பக்கம் போய் எலும்புக்கூடுங்ககிட்ட இருபது தடவை செத்துட்டேன், அன்இன்ஸ்டால் பண்ணிடவான்னு கேட்டிருக்கீங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. உங்க ஆட்டத்துல குறை இல்ல, போன வழிதான் தப்பு. 2011ல கேம் வந்தப்ப நானும் அங்கதான் போனேன், மூணு நாள் வீணா போச்சு. பான்ஃபயர்லேர்ந்து, அதான் நாம உக்காந்து ஓய்வெடுக்குற தீ, அங்கேர்ந்து பாறை ஓரமா மேல ஏறுற படிக்கட்டு இருக்கும் பாருங்க, அதுல ஏறி கால்வாய் வழியா போனா அன்டெட் பர்க்ங்கிற அடுத்த பகுதி வரும், அங்க வர்றவனுங்க ரெண்டு மூணு அடில விழுந்துடுவானுங்க. கதையே இல்லன்னு சொன்னீங்கல்ல, அது கட்சீன்ல, அதாவது நடுவுல ஓடுற வீடியோல, பெருசா வராது, எடுக்குற மோதிரம், வாள் எல்லாத்தோட விவரத்துலயும் நாலு வரி இருக்கும், அதைப் படிச்சு நாமளே கோர்க்கணும், எனக்கு கேம் கதைன்னா இதுதான் உசத்தி. படிக்கட்டு கண்ணுல படலன்னா சொல்லுங்க.