அஸ்வெசும எடுத்தால் வெள்ள நிவாரணம் கிடையாதா?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்து எழுதுகிறேன். வயது 58. கணவர் இல்லை. மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் என்னோடுதான் இருக்கிறார்கள். வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் அஸ்வெசும உதவி என் பெயரில் வருகிறது. டித்வா புயலின்போது வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்ததால் பாடசாலையில் போய்த் தங்கினோம். திரும்பி வந்து பார்த்தால் அரிசி, உடுப்பு, பிள்ளைகளின் கொப்பி எல்லாம் சேறு. வீடு துப்புரவாக்க 25,000 ரூபா கொடுத்தபோது எங்கள் பெயர் பட்டியலில் இல்லை. கிராம அலுவலரிடம் கேட்டால் ஒருமுறை "உங்களுக்கு அஸ்வெசும வருகுதுதானே" என்றார். இன்னொருமுறை "காணிக்குப் பத்திரம் இல்லை" என்றார். கடைசியாக "பார்க்க வந்தபோது வீட்டில் ஆள் இல்லை" என்கிறார். தண்ணீரே ஏறாத வீட்டுக்காரருக்குக் காசு கிடைத்திருக்கிறது. கூடக் கேட்கப் போனால் உள்ள அஸ்வெசுமவையும் வெட்டிப்போடுவார்கள் என்று சனம் சொல்கிறது. நான் என்ன செய்ய?

பதில்: அம்மா, ஒரே விடயத்துக்கு மூன்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்றுகூட எழுத்தில் இல்லை. உங்கள் பிரச்சினையின் வேர் அதுதான். முதலில் அந்தக் காரணங்களைப் பார்ப்போம்.

அரசாங்கம் ஒருதடவை மட்டும் கொடுக்கும் காசு எல்லாம் ஒரே வகை இல்லை. சில கொடுப்பனவுகள் ஏற்கெனவே உள்ள உதவிப் பட்டியலை வைத்துக் கொடுக்கப்படுபவை. 2020 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா முடக்கத்தின்போது கொடுத்த 5,000 ரூபா அப்படியானது. அஸ்வெசுமவுக்கு முன்பிருந்த சமுர்த்தி உதவித் திட்டத்தின் பட்டியலிலும் காத்திருப்போர் பட்டியலிலும் இருந்தவர்களுக்கு அது போனது. 2025 கல்வியாண்டுக்கு அஸ்வெசுமக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பி வாங்கவென்று கொடுத்த 6,000 ரூபாவும் அப்படித்தான். அவற்றில் "பட்டியலில் இருக்கிறீர்களா" என்பதுதான் கேள்வி. இருந்தால் கிடைக்கும். இல்லாவிட்டால் முதலில் பட்டியலில் சேர வழி பார்க்க வேண்டும்.

டித்வாவுக்குப் பிறகு கொடுத்த 25,000 ரூபா வேறு வகை. அது வறுமைக்கான உதவி இல்லை, வீட்டுக்குள் வெள்ளம் வந்ததற்கான உதவி. அங்கே பார்க்க வேண்டியது நீங்கள் இருந்த வீடு பாதிக்கப்பட்டதா என்பதை மட்டுந்தான். வருமானம் எவ்வளவு, மாதாமாதம் வேறு என்ன உதவி வருகிறது என்பது அந்தக் கேள்விக்குள் வராது. அரச சம்பளம் எடுக்கும் ஆசிரியரின் வீட்டுக்குள் வெள்ளம் வந்திருந்தால் அவருக்கும் உண்டு. அப்படியிருக்க, அஸ்வெசும எடுக்கும் உங்களை அந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளிவைக்க முடியாது. முதல் காரணம் நிற்காது.

இரண்டாவது காரணமும் நிற்காது. வீடு யாருடையது என்று பார்க்காமல் இந்தத் துப்புரவுக் காசைக் கொடுக்க வேண்டும் என்றுதான் 2025 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்தது. வாடகைக்கு இருப்பவருக்கும் அது பொருந்தும். வன்னியில் போர் முடிந்த 2009க்குப் பிறகு திரும்பிவந்த எத்தனையோ குடும்பத்திடம் இன்றைக்கும் காணி உறுதியும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. இடம்பெயர்ந்து ஓடும்போது தொலைந்தவை அவை. வீட்டைத் திரும்பக் கட்ட இழப்பீடு கேட்கும்போது காணியின் நிலை பற்றிக் கேள்வி வரும், அதை நான் மறுக்கவில்லை. சேற்றை வாரிக் கொட்டக் கொடுக்கும் காசுக்கு அந்தக் கேள்வியைக் கொண்டுவந்து போடுவது பிழை. உங்களிடம் அனுமதிப்பத்திரம் இல்லையென்றால் அதற்கு இப்போதே தனியாக விண்ணப்பியுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள்.

மூன்றாவது காரணம்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. பார்வையிட வந்தபோது ஆள் இல்லையென்றால், வெள்ளம் வந்ததா என்று அலுவலருக்கு நேரடியாகத் தெரிந்திருக்காது. அந்த நேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பாடசாலையில். அங்கே சமைத்த சாப்பாடு கொடுக்கக் குடும்ப விபரம் பதிந்திருப்பார்கள். அந்தப் பதிவில் உங்கள் பெயர் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. வீட்டில் ஆள் இல்லாததற்குக் காரணமே வெள்ளந்தான் என்பதை அரசாங்கத்தின் பதிவே சொல்லிவிடும். பதிவைப் பார்த்த அதிபரிடமோ முகாமுக்குப் பொறுப்பாக இருந்த உத்தியோகத்தரிடமோ ஒரு கடிதம் கேளுங்கள்.

அடுத்தது சுவர். தண்ணீர் நின்ற உயரத்துக்குப் பூச்சில் ஒரு மண்கோடு இருக்கும். அதை இன்னும் கழுவவில்லை, சுண்ணாம்பு அடிக்கவில்லை என்றால் உடனே படம் எடுத்து வையுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கிற மாதிரியும் ஒரு படம், வாசலும் கோடும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம். வெள்ள நேரத்தில் மகளோ அயலவரோ தொலைபேசியில் எடுத்த படம் இருந்தால் அழிக்க வேண்டாம். எடுத்த திகதி அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கும். வாட்ஸப்பில் அனுப்பி வாங்கினால் அந்தத் திகதி போய்விடக்கூடும். தொலைபேசியில் உள்ள மூலப்படத்தையே வைத்திருங்கள்.

சரி, இனி எங்கே கேட்பது? கிராம அலுவலர் சிபாரிசு செய்கிறவர். கொடுப்பனவுக்குப் பொறுப்பு பிரதேச செயலாளருடையது. அதனால் கடிதம் பிரதேச செயலாளருக்குப் போக வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 35ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. ஓர் அலுவலர் எடுத்த தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் கேட்டால், அந்தத் தீர்மானத்துக்கான காரணத்தை அவர் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. உங்கள் கையில் உள்ள பெரிய ஆயுதம் இதுதான். கடிதத்தை இப்படியே எழுதலாம்:

"டித்வா அனர்த்தத்தில் எனது வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, நானும் குடும்பத்தினரும் இந்தப் பாடசாலையில் இந்தத் திகதிகளில் தங்கியிருந்தோம். வீடு துப்புரவாக்கும் 25,000 ரூபா கொடுப்பனவு எனக்கு வழங்கப்படவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவின் கீழ் அதற்கான காரணங்களை எழுத்தில் தருமாறு கேட்கிறேன். எனது வீட்டை மீளப் பார்வையிட்டு மேன்முறையீட்டைப் பரிசீலிக்குமாறும் வேண்டுகிறேன்."

பாடசாலைப் பெயர், திகதிகள், உங்கள் முகவரி, அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு எல்லாவற்றையும் நிரப்புங்கள். யாரையும் குறை சொல்லி ஒரு வரிகூட வேண்டாம்.

இதோடு பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு இன்னொரு விண்ணப்பம் கொடுங்கள். இந்தக் கொடுப்பனவுக்கு எந்தச் சுற்றறிக்கை பின்பற்றப்பட்டது, அதன் பிரதி, உங்கள் வீடு பற்றிய மதிப்பீட்டுப் படிவம் இருந்தால் அதன் பிரதி, இவ்வளவும் கேளுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. தமிழில் கொடுக்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் எழுத உதவுவதும் அந்த அலுவலரின் கடமை. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அடுத்த 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டைப் பார்க்கவென்று நியமித்திருக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதுவும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

இரண்டு கடிதத்தையும் நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம். முத்திரை குத்தத் தயங்கினால் பேச்சு வளர்க்காமல் நேரே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டுப் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள்.

காலம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே நிலையில் உள்ளவர்களைப் பாகுபாடாக நடத்துவது அரசியலமைப்பின் 12(1) உறுப்புரையை மீறுவது. அதற்காக உயர் நீதிமன்றம் போக 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, விசாரணை நடக்கிறது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது. உங்கள் முதல் மறுப்பிலிருந்து ஒரு மாதம் கடந்திருந்தால் முறைப்பாடே செய்ய முடியாது என்று நினைக்க வேண்டாம். உயர் நீதிமன்ற வழிதான் கடினமாகும். 25,000 ரூபாவுக்காகக் கொழும்பு வரை வழக்குக்குப் போகும்படி நான் சொல்லவும் மாட்டேன். பெரும்பாலும் பிரதேச செயலகத்துக் கடிதமே வேலையை முடிக்கும், மிஞ்சினால் மாவட்டச் செயலாளருக்கு ஒரு பிரதி.

தண்ணீர் ஏறாத வீட்டுக்காரரின் கதையை உங்கள் கடிதத்தில் எழுத வேண்டாம். உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது, நியாயமான கோபம். ஆனால் ஒருவருக்குப் பிழையாகக் கிடைத்தது என்பதால் இன்னொருவருக்கு உரிமை வராது. சமத்துவம் பற்றிய வழக்குகளில் நீதிமன்றங்களின் நிலைப்பாடு அதுதான். உங்களைப் போலவே தண்ணீர் ஏறி, உங்களைப் போலவே பாடசாலையில் இருந்து, காசு கிடைத்த குடும்பம் ஒன்றைக் காட்டினால் அது பெறுமதியான ஒப்பீடு. அப்படி யாராவது இருந்தால் அவர்களின் சம்மதத்தோடு குறிப்பிடுங்கள்.

அஸ்வெசும வெட்டுப்படும் என்ற பயம் பற்றி. அஸ்வெசுமவுக்குத் தெரிவு செய்வது 22 குறிகாட்டிகளை வைத்து. கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு வகைக்குள் அவை வரும். வெள்ள நிவாரணம் கேட்டார், வாங்கினார் என்பது அதில் எங்கும் இல்லை. முறைப்பாடு செய்ததற்காக உதவியை நிறுத்தும் அதிகாரமும் யாருக்கும் இல்லை. யாராவது அப்படிச் சொன்னால், சொன்னவரின் பதவி, திகதி, இடம், பக்கத்தில் நின்றவர் யார் என்று அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அது தனி முறைப்பாடு ஆகும்.

வீட்டுப் பாவனைப் பொருட்களுக்கென்று அறிவித்த 50,000 ரூபா வேறு கொடுப்பனவு. அரிசியும் உடுப்பும் பழுதானதாக எழுதியிருக்கிறீர்கள். அடுப்பு, பாத்திரம், கட்டில், மெத்தை என்று வேறு என்னென்ன போனது என்பதை மகளோடு இருந்து பட்டியல் போட்டு, மீளப் பார்வையிட வரும்போது காட்டுங்கள். இதையும் கேட்டுத் தனிக் கடிதம் கொடுங்கள்.

கடிதம் எழுத ஆள் இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசம். அஸ்வெசும ஆவணத்தைக் கொண்டுபோனால் உங்கள் நிலையைத் தனியாக நிரூபிக்கும் அலைச்சல் குறையும். பிரதேச செயலகத்திலிருந்து பதில் வந்தால் அதன் பிரதியையும், கடித உறையில் தபால் திகதி தெரியும் பக்கத்தையும் எனக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த மேன்முறையீட்டுக்கு நாள் எண்ணும்போது அந்தத் திகதி உதவும்.