மூன்றாவது நீட் வேண்டாம், உயிர்வேதியியல் படிக்கட்டும்

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள். இரண்டாவது முறை ஒரு வருடம் முழுக்க கோச்சிங் போய் எழுதியது. மதிப்பெண் கூடியிருக்கிறது, ஆனால் அரசுக் கல்லூரி இடம் கிடைக்கிற அளவுக்கு இல்லை. "இன்னொரு வருஷம் உட்காரட்டும் மச்சான்" என்கிறார் மைத்துனர். தம்பியோ, ஊருக்கு வெளியே இருக்கும் நிலத்தை விற்றுவிட்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ வெளிநாட்டிலோ சேர்த்துவிடலாம் என்கிறார். மகள் மட்டும் பி.எஸ்சி. உயிர்வேதியியல் சேர்கிறேன் என்கிறாள். "அது லேப்ல ரத்தம் எடுக்குற படிப்புதானே சார்? அதுக்கா இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வெச்சோம்?" என்று கேட்கிறார் தந்தை.

கவலை நியாயமானதுதான் ஐயா. ஆனால் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பினால் நீங்கள் நேராக நிலத்தரகரிடம் போய் நிற்பீர்கள். அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நிலத்தை விற்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டுவது இன்று சாதாரணம். விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் தனி. எம்.பி.பி.எஸ். முடித்தவுடன் "எம்.டி. இல்லாமல் என்ன டாக்டர்?" என்று இதே உறவினர்கள் கேட்பார்கள். அப்போது விற்க இன்னொரு நிலம் உங்களிடம் இல்லை. வெளிநாட்டில் படித்தால் மலிவு என்பதும் பாதிக் கதைதான். 54 மாதப் படிப்பு, அங்கே ஓராண்டுப் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, பிறகு இங்கேயும் ஓராண்டுப் பயிற்சி என்று விதி இருக்கிறது. அந்தத் தகுதித் தேர்வில் பல தடவை ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் தேறியிருக்கிறார்கள். ஏஜென்ட் காட்டும் வண்ணத்தாளில் இது இருக்காது.

மூன்றாவது முயற்சியும் வேண்டாம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதும் தேர்வு அது. மருத்துவராக வேண்டும் என்று துடிக்கிற பிள்ளையாக இருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன். உங்கள் மகளிடம் தொலைபேசியில் பேசினேன். வார்டில் நின்று நோயாளியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவள் பேச்சில் ஒரு இடத்தில்கூட வரவில்லை. வந்தது வேறொன்று. உங்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்யக் கூட்டிப் போனபோது, ஒரே கையிலிருந்து எடுத்த ரத்தத்தை ஏன் ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம், சாம்பல் மூடிக் குழாயில் கொஞ்சம் என்று பிரித்தார்கள் என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டிருக்கிறாள். "அது அப்படித்தான்மா" என்று பதில் வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்திருக்கிறாள். உங்களிடம் சொல்லவில்லை, என்னிடம் பத்து நிமிடம் விடாமல் சொன்னாள்.

பொறியியல், நர்சிங், பல் மருத்துவம், சித்தா பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைச் சொல்ல உங்கள் தெருவிலேயே ஆள் இருப்பார்கள். அந்தச் சாம்பல் மூடியையே எடுத்துக்கொள்கிறேன். உயிர்வேதியியல் என்றால் என்ன என்பது அதற்குள் பெரும்பாலும் வந்துவிடும்.

உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் ரத்தத்தில் இருக்கும் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. குழாய்க்குள்ளேயே குளுக்கோஸைத் தின்றுகொண்டிருக்கும். காலையில் எடுத்த ரத்தத்தை அப்படியே வைத்து மதியம் சோதித்தால், உண்மையில் இருந்ததைவிடக் குறைவாகத்தான் சர்க்கரை காட்டும். அதைத் தடுக்கச் சாம்பல் மூடிக் குழாயில் சோடியம் ஃபுளோரைடு போட்டிருக்கிறார்கள். குளுக்கோஸைச் செல் உடைப்பது கிளைகாலிசிஸ் என்ற பத்துப் படி வேலை. ஒவ்வொரு படியையும் நடத்தி வைக்க ஒரு நொதி (என்சைம்). அதில் ஒன்பதாவது படியின் நொதியான இனோலேஸை ஃபுளோரைடு முடக்கிவிடுகிறது.

கதை அங்கே முடியவில்லை. முடக்கப்பட்டது ஒன்பதாவது படி என்பதால், முன்னால் இருக்கும் நொதிகள் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் ஃபுளோரைடு இருந்தும் சர்க்கரை குறையவே செய்யும். அதனால்தான் ரத்தத்திலிருந்து செல்களைச் சீக்கிரம் பிரித்துவிட வேண்டும் என்கிறார்கள். சிட்ரேட் சேர்த்து அமிலத்தன்மையைக் கூட்டி, முதல் படிகளின் நொதிகளையே உடனே நிறுத்தும் குழாய்களும் வந்திருக்கின்றன. பத்துப் படியையும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வது ஒரு படிப்பு. எந்தப் படியில் கை வைத்தால் எது தேங்கும் என்று யோசிப்பது இன்னொரு படிப்பு. உங்கள் மகள் இரண்டாவதைத் தானாகவே செய்யத் தொடங்கியிருக்கிறாள்.

பிறகு அளப்பது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி குளுக்கோஸிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். பெராக்சிடேஸ் என்ற இரண்டாவது நொதி அதை வைத்து ஒரு சாயத்தை இளஞ்சிவப்பாக்கும். நிறம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு சர்க்கரை. 505 நானோமீட்டர் அலைநீள ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கருவி அளந்து, உங்கள் ரிப்போர்ட்டில் எண்ணாகப் போடுகிறது. மூன்று மாதச் சராசரி என்று எடுக்கிறார்களே, அந்த எச்.பி.ஏ.1.சி., அது இன்னும் சுவாரசியம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அத்தனை நாளும் ரத்தத்தில் மிதக்கும் குளுக்கோஸ் எந்த நொதியின் உதவியும் இல்லாமல் ஹீமோகுளோபினில் மெல்ல ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது போவதில்லை. டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து ஏமாற்ற முடியாது என்பது இதனால்தான்.

அதே ஹீமோகுளோபினில் இன்னொரு கதை. அது ஒரு புரதம். அதன் பீட்டா சங்கிலியில் கண்ணிகளாக 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். டி.என்.ஏ.வில் ஒரே ஒரு எழுத்து மாறி அங்கே வேலின் வந்துவிட்டால், ஆக்சிஜன் இறங்கியதும் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீளக் கம்பிகளாகின்றன. சிவப்பணு அரிவாள் போல வளைகிறது. சிறு ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன, தாங்க முடியாத வலி. அரிவாள் செல் என்று சொல்லும் இது இந்தியாவில் முதலில் பதிவானது 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். நோய்க்குக் காரணம் ஒரு மூலக்கூறு என்று அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் குழு சொன்னது 1949-இல். மாறியது எந்த அமினோ அமிலம் என்று வெர்னன் இன்கிராம் கண்டுபிடித்தது 1950-களின் நடுவில். ஒரு எழுத்தில் தொடங்கி ஒரு குழந்தையின் மூட்டு வலி வரைக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்ல முடிவதுதான் இந்தப் படிப்பு. ரத்தம் எடுப்பது இதில் வராது.

மதிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். உலகம் முழுக்க உயிர்வேதியியல் பாடப் புத்தகங்களில் வரும், புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பாஸ்பரஸை அளக்க நம் கல்லூரி லேப்களில் சொல்லித்தரும் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறையில் இருக்கும் சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போய் உயிர்வேதியியலில் இறங்கியவர். மைத்துனரிடம் சொல்ல இது போதும். ஆனால் பெரிய ஆட்களின் பெயரைச் சொல்லி உங்கள் மகளைச் சேர்க்கச் சொல்ல மாட்டேன். அவள் சோறு அவர்கள் பெயரில் வேகாது.

சரி, வேலை. பி.எஸ்சி. மூன்று வருடத்தோடு நிறுத்தினால் நல்ல வேலை கிடைப்பது கஷ்டம். இதை மறைத்துப் பேசும் கல்லூரி உங்களை ஏமாற்றுகிறது. அரசு மருத்துவமனை லேப் டெக்னீஷியன் ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்கென்று எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) படித்தவர்கள் தனியாக இருக்கிறார்கள். இதை ஐந்து வருடப் படிப்பு என்றே கணக்குப் போடுங்கள். பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு. ஐ.ஐ.டி.களிலும் மற்றச் சில நிறுவனங்களிலும் எம்.எஸ்சி. சேர ஜாம் (JAM) நுழைவுத் தேர்வின் பயோடெக்னாலஜி தாள், மத்திய பயோடெக்னாலஜி துறை உதவியோடு நடக்கும் படிப்புகளுக்கு கேட்-பி (GAT-B) நுழைவுத் தேர்வு. முதல் வருடத்திலிருந்தே இவை இரண்டும் அவள் கண்ணில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆராய்ச்சிதான் பிடிக்கிறது என்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப் படி. பி.எச்டி.க்கு உங்கள் கையிலிருந்து பணம் போகாது.

ஆராய்ச்சி வேண்டாம் என்றால், ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் தடுப்பூசி, இன்சுலின், உயிரி மருந்து செய்யும் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகள் இருக்கின்றன. தொடக்கச் சம்பளம் ஐ.டி. மாதிரி இருக்காது. இரண்டு மூன்று வருடம் எச்.பி.எல்.சி., எலைசா போன்ற ஆய்வக முறைகள் கையில் நன்றாகப் பழகியவர்களுக்கு அப்புறம் மெல்ல ஏறும்.

ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கான கல்வித் தகுதிப் பட்டியலில் உயிர்வேதியியல் பட்டம் நேரடியாகவே இருக்கிறது. வேதியியல் படித்தவருக்கு முதுகலை கேட்கும் அதே விதி, உயிர்வேதியியலுக்குப் பட்டம் போதும் என்கிறது. அது அரசு வேலை, அதிகாரமும் உண்டு. எம்.எஸ்சி. முடித்து, உணவுப் பகுப்பாய்வில் மூன்று வருட அனுபவமும் இருந்தால் உணவுப் பகுப்பாய்வாளர் தேர்வும் எழுதலாம். இடங்கள் ஆண்டுதோறும் வராது, வரும்போது தகுதியோடு காத்திருக்க வேண்டும்.

யாருக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது என்றும் சொல்லிவிடுகிறேன். உயிரியல் பிடிக்கும், வேதியியல் என்றால் ஓட்டம் என்பவர்களுக்கு. முதல் பருவத்திலேயே பி.எச். (அமிலத்தன்மை அளவு), பஃபர் (அந்த அளவை மாறாமல் காக்கும் கரைசல்), நொதி வேகக் கணக்கு என்று வந்து நிற்கும். மகளிடம் பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தைக் கொடுத்து, அயனிச் சமநிலைப் பாடத்தையும் உயிரியல் மூலக்கூறுகள் பாடத்தையும் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். மார்க்குக்காக வேண்டாம். படித்துவிட்டு இன்னும் இதே படிப்புத்தான் என்றால் அவள் சொல்வதை வீட்டில் யாரும் மாற்ற முயல வேண்டாம், நீங்கள் உட்பட.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒளி உறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருக்கிறதா, சுழற்றிப் பிரிக்கும் குளிரூட்டிய சென்ட்ரிஃப்யூஜ் இருக்கிறதா, டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். கருவியின் மேல் தூசி படிந்திருக்கிறதா? மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியைப் பிடித்து, "மைக்ரோ பிப்பெட்டை நீயே எத்தனை தடவை பிடித்திருக்கிறாய்?" என்று கேளுங்கள், துளிக்கும் குறைவான திரவத்தை அளந்து எடுக்கும் கருவி அது. ஆசிரியர் செய்து காட்ட நாற்பது பேர் சுற்றி நின்று பார்க்கும் கல்லூரியில் பணம் கட்டுவது வீண். மத்திய பயோடெக்னாலஜி துறையின் ஸ்டார் கல்லூரித் திட்ட நிதி அந்தக் கல்லூரித் துறைக்கு வருகிறதா என்றும் விசாரியுங்கள், அங்கே செய்முறைக்கான ரசாயனங்களுக்குப் பொதுவாகப் பஞ்சம் இருக்காது.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணையத்தில் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கே ஒரு வருடத்துக்குக் கட்டும் தொகை, நீட் கோச்சிங்குக்கு நீங்கள் ஒரு மாதம் கட்டியதைவிடக் குறைவாகவே இருக்கும். உயிர்வேதியியல் எல்லா அரசுக் கல்லூரியிலும் இல்லை, இருக்கும் கல்லூரிகளை முதலில் எழுதி வைத்துக்கொண்டு விருப்ப வரிசை போடுங்கள். மகள் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்கட்டும், சேர்ந்தவுடன் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பதிந்துவிடுங்கள்.