டைம் மெஷினுக்கு காசு இல்லையா? கழிவறைக் கதவு போதும்

போன இதழ்ல சும்மா ஒரு வரி, "டைம் டிராவல் காமெடிக்கு பட்ஜெட் கம்மியா இருந்தாதான் ருசி"ன்னு எழுதித் தொலைச்சேன். அதுக்கு வந்த கேள்விதான் இந்த மாசம் பூரா. மத்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கங்க, ரஜினி கேள்வியெல்லாம் அடுத்த மாசம்.

அண்ணே, நீங்க எழுதினதப் படிச்சிட்டு என் தங்கச்சி மகன் ஒரு படம் போட்டுக் காட்டினான். 'ஃப்ரீக்வென்ட்லி ஆஸ்க்டு கொஸ்டின்ஸ் அபவுட் டைம் டிராவல்', 2009ல வந்த பிரிட்டிஷ் படமாம். மூணு பேரு பப்புல உக்காந்து பேசுறாங்க, டாய்லெட்டுக்குப் போறாங்க, வர்றாங்க, திரும்பப் போறாங்க. இதுக்கா இவ்ளோ பில்டப்பு? (ஈசூன் வாசகி)

ஆமாம்மா, அவ்ளோதான் படம், ஒன்றரை மணி நேரம்கூட முழுசா கிடையாது, பாதி நேரம் அந்தக் கழிவறை வாசல்லயே போயிடும். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ரே, டோபி, பீட்டுன்னு மூணு வேலைவெட்டி சரியா அமையாத பசங்க, அதுல ரேக்கு அன்னைக்குத்தான் வேலையும் போச்சு. ஒருத்தன் பாத்ரூம் போயிட்டு வெளிய வந்தா கடையில இருக்கறவன் பூரா பொணமா கெடக்கறான், பயந்துபோய் திரும்ப உள்ள ஓடி மறுபடி வெளிய வந்தா எல்லாம் பழையபடி பீர் குடிச்சிட்டு இருக்கானுங்க. அவன் சொன்னா கூட்டாளிங்க நம்புவானுங்களா? நம்ம பசங்க எப்படி ஓட்டுவானுங்களோ அப்படி ஓட்டுறானுங்க. இதுக்கு நடுவுல எதிர்காலத்துலேர்ந்து ஒரு பொண்ணு (அன்னா ஃபாரிஸ்) வந்து, காலத்துல லீக் இருக்கு, அத அடைக்கறதுதான் என் வேலைங்குது. நம்ம வீட்டுல மேல் மாடிக்காரங்க பாத்ரூம் ஒழுகுனா ஆள் வர்றாங்கல்ல, அந்த மாதிரி. காலம் ஒழுகுது, பிளம்பர் வந்திருக்காங்க. எனக்கு அந்த ஒரு ஐடியாவுக்கே டிக்கெட் காசு சரியாப்போச்சு.

எதிர்காலத்த காட்டணும்னா பறக்கற காரு, கண்ணாடி கோபுரம், கம்ப்யூட்டர் வேலைன்னு கோடிக்கணக்குல கொட்டணும், கொட்டினாலும் பத்து வருசத்துல அது பழசாப்போயிடும். ஒரு கதவ காட்டினா போதும்னா? கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்னு நாமளே பயந்துக்குவோம், அந்தச் செலவு ப்ரொடியூசரோடது இல்ல, நம்மளோடது. பெரிய படத்துலகூட ஆரம்பத்துல இப்படித்தான் யோசிச்சிருக்காங்க. 1985ல வந்த 'பேக் டு த ஃபியூச்சர்' கதைய முதல்ல எழுதினப்ப டைம் மெஷின் காரு இல்ல, ஃப்ரிட்ஜு. படத்தப் பாத்துட்டு சின்னப் பிள்ளைங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள ஏறி உக்காந்துடுமோன்னு பயந்துதான் மாத்தினாங்கன்னு சொல்லுவாங்க.

இதே கதைய இங்க சிங்கப்பூர்ல எடுத்தா பப்பு வேணாம், கோப்பிக்கடை போதும். நம்ம ஊரு சில கோப்பிக்கடையில கழிவறை வாசல்ல ஒரு ஆண்ட்டி மேசை போட்டு டிஷ்யூ அடுக்கி வச்சு 20 காசு வாங்குவாங்கல்ல, அவங்கதான் காலத்தோட காவல்காரங்க. ஒருத்தன் 1960க்குப் போய் ஒளிஞ்சு திரும்பி ஓடி வரான், உயிர் போற அவசரம், அவங்க நிமிந்துகூடப் பாக்காம "ரெண்டு தடவ போயிட்டீங்க, நாப்பது காசு"ங்கறாங்க. யாராச்சும் எடுங்கப்பா, எனக்கு பால் இல்லாத டீ, ஒரு தே ஓ வாங்கிக் கொடுத்தா போதும்.

இந்தப் படங்கள்ல லாஜிக்கே இல்லையே சார். தாத்தாவ போய் கொன்னா பேரன் எப்படிப் பொறப்பான், பொறக்காதவன் எப்படிப் போய் கொல்லுவான்? (தோ பாயோ வாசகர்)

கொல்லாதீங்க சார், பாவம் தாத்தா.

சரி, ஒழுங்கா சொல்றேன். எந்த விதி வேணும்னாலும் வச்சுக்கலாம், ஆனா ஒரே விதிதான் வைக்கணும், அத பாதியில மாத்தக்கூடாது. நடந்தத மாத்த முடியும்னா கடைசி வரைக்கும் முடியணும், முடியாதுன்னா ஹீரோவோட அம்மாவே அழுதாலும் முடியக்கூடாது. சீரியஸ் படத்துல விதிய மீறினா நமக்கு எரிச்சல், காமெடியில மீறினா சிரிப்பே வராது, ஏன்னா சிரிப்பு வர்றதே அந்த விதியில ஒருத்தன் மாட்டிக்கிட்டு முழிக்கறதாலதான். அப்புறம் இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதுன்னும் நெனைக்க வேணாம். எச்.ஜி.வெல்ஸ் 1895ல டைம் மெஷின் எழுதறதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம புராணத்துல ககுத்மின்னு ஒரு ராஜா மக ரேவதிக்கு மாப்பிள்ளை தேடி பிரம்மலோகம் போறார். அங்க கச்சேரி நடக்குது, முடியட்டும்னு கொஞ்ச நேரம் உக்காந்து கேக்கறார், அதுக்குள்ள பூமியில இருபத்தேழு சதுர்யுகம் போச்சு, மனசுல வச்சிருந்த மாப்பிள்ளைங்க எல்லாம் காலி, அவங்க பேரப்பிள்ளைங்களும் காலி. கடைசியில பலராமருக்குக் கட்டிக் கொடுக்கறாங்க. லாஜிக் சுத்தமா இருக்கு பாருங்க, விதி ஒண்ணுதான்: மேல நேரம் மெதுவா ஓடும். கல்யாணத்துக்கு ஜாதகம் பாக்கப் போய் லேட்டானவங்க கதைன்னு பாத்தா காமெடியாவும் இருக்கு.

தமிழ்ல இந்த மாதிரி ஒண்ணு சொல்லுங்க, என் வீட்டுக்காரருக்கு சப்டைட்டில் படிக்கப் பொறுமை இல்ல. (உட்லண்ட்ஸ்)

'இன்று நேற்று நாளை', 2015, ரவிக்குமார் இயக்கினது. 2065லேர்ந்து ஒரு மெஷின் வருது, அது விஷ்ணு விஷால், கருணாகரன் கையில கெடைக்குது. உலகத்தக் காப்பாத்துவாங்கன்னு பாத்தா, கருணாகரன் ஜோசியர், அதனால மெஷின வச்சு தொலைஞ்ச சாமான் எங்க இருக்குன்னு சொல்லி காசு பாக்கறாங்க! நம்ம கையில கெடைச்சாலும் அதத்தானே பண்ணுவோம், நாலு நம்பர் லாட்டரி எடுக்கப் போவோம். அந்த ஆசையோட சைஸு சின்னதா இருக்கறதாலதான் படம் நிக்குது. பின்னாடி ஒரு ரவுடி சாக வேண்டியவன் இவங்க கைபட்டு பொழைச்சுக்கறான், அங்கேர்ந்து படம் வேற மாதிரி ஓடும், எனக்கு முதல் பாதிதான் பிடிச்சுது. உங்க வீட்டுக்காரருக்கு அடிதடி பிடிக்கும்னா ரெண்டாம் பாதி பிடிக்கலாம்.

வணக்கம் அங்கிள். நான் பாலிடெக்னிக்ல படிக்கிறேன். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேத்து 3,000 வெள்ளி இருக்கு, ஒரு கேமரா இருக்கு. டைம் டிராவல் காமெடி குறும்படம் எடுக்கலாமா, இல்ல சிரிப்பாங்களா?

சிரிக்கறதுக்குத்தானே தம்பி எடுக்கறது.

3,000 தாராளம். ஷேன் கார்ருத்னு ஒரு அமெரிக்கர் 7,000 டாலர்ல 'பிரைமர்'னு எடுத்து 2004 சன்டான்ஸ் திரைப்பட விழாவுல பெரிய பரிசயே தட்டிட்டுப் போனார், அது காமெடி இல்ல, மூணு தடவ பாத்தும் எனக்குப் பாதிதான் புரிஞ்சுது, ஆனா மெஷின்னு பாத்தா ஒரு பெட்டி, அவ்ளோதான். நீ முதல்ல பாக்க வேண்டியது அது இல்ல, ஜப்பான் படம், 'பியாண்ட் தி இன்ஃபினிட் டூ மினிட்ஸ்', 2020. கியோத்தோவுல ஒரு சின்ன கஃபே, மாடியில ஓனரோட ரூம். ரூம்ல இருக்கற கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல கீழ கஃபேல ரெண்டு நிமிஷம் கழிச்சு நடக்கப்போறது தெரியுது. ரெண்டே நிமிஷம்! அதுல ஒருத்தன், இந்த ஸ்க்ரீனையும் கஃபேல இருக்கற ஸ்க்ரீனையும் எதிரெதிரா வச்சா என்னாகும்னு கேக்கறான், சலூன்ல முன்னாடியும் பின்னாடியும் கண்ணாடி வச்சா நம்ம மூஞ்சி வரிசையா போகுமே அந்த மாதிரி எதிர்காலம் வரிசையா நீண்டு போகுது. நடிச்சவங்க ஒரு நாடகக் குழு, எடுத்தது போன்ல, படம் பூரா ஒரே ஷாட்டு மாதிரி இருக்கும். ஸ்க்ரீன்ல தெரியறவனும் நேர்ல நிக்கறவனும் நொடி பிசகாம பேசணும், அந்த ஒத்திகைதான் அவங்க பட்ஜெட்டு. உனக்கும் அதான் சொல்றேன், காசுல முக்கால்வாசி சாப்பாட்டுக்கு ஒதுக்கு, பசங்கள பத்து நாள் ஒத்திகை பாக்க வை.

இடம் உன் அடுக்குமாடி புளோக்கே போதும், ஆனா கீழ்த்தளத்துல எடுக்கறதுக்கு முன்னாடி நகர மன்றத்துகிட்ட அனுமதி கேட்டுடு, பாதி சீன்ல யாராச்சும் வந்து நிறுத்தச் சொன்னா அத டைம் டிராவல் வச்சு சரிபண்ண முடியாது. மெஷினுக்கு லிஃப்ட வச்சுக்க. உங்கப்பாகிட்ட கேளு, முன்ன நம்ம புளோக்குங்கள்ல லிஃப்ட் எல்லா மாடியிலயும் நிக்காது, சில மாடியிலதான் நிக்கும், மிச்சத்துக்கு படி ஏறணும், அரிசி மூட்டையோட. அப்புறம்தான் லிஃப்ட மேம்படுத்தி எல்லா மாடியிலயும் நிக்க வச்சாங்க. இப்ப உன் கதையில ஒருத்தன் ஏழாம் மாடி அமுக்கறான், லிஃப்ட் அஞ்சுல நின்னுடுது, கதவு தொறந்தா காரிடர்ல பழைய காலம். ஏன்னா பழைய லிஃப்ட் ஏழுல நிக்காது! விதி ஒண்ணு, தெளிவா, நம்ம ஊருக்கே உரியது, கிராஃபிக்ஸ் தேவையே இல்ல. பழைய காலம்னு காட்ட ஒரு ஆரஞ்சு கலர் காசு போடற டெலிபோன், யாராச்சும் ஒரு பாட்டி வீட்டு எனாமல் டிபன் கேரியர், அது போதும். தெருவெல்லாம் காட்டப் போனா மாட்டிக்குவ, ஒரு மூலையில எலக்ட்ரிக் கார் சார்ஜர் நிக்கும்.

ஒரே ஆள் ரெண்டு பேரா நிக்கற சீனுக்கு ட்ரைபாட ஆணி அடிச்ச மாதிரி வச்சுட்டு முதல்ல இடது பக்கம் எடு, அப்புறம் சட்டைய மாத்தி வலது பக்கம் எடு, எடிட்டிங்ல நடுவுல ஒட்டு, நடுவுல யாரும் கைய நீட்டக்கூடாது. வெயில் வேற நகந்துகிட்டே இருக்கும், அதனால சாயந்தரம் டியூப் லைட் வெளிச்சத்துல எடுத்துடு. சட்டை ஒரே மாதிரி ரெண்டு வாங்கு, ஒண்ணுல கண்டிப்பா மீ கோரேங் கொட்டும். எம்ஆர்டி தண்டவாளம் பக்கத்துல இருந்தா சத்தத்துல டயலாக் போயிடும், அதையும் பாத்துக்க. முடிச்சிட்டு எனக்கு லிங்க் அனுப்பு, திட்டமாட்டேன்.

உண்மையிலயே யாராச்சும் எதிர்காலத்துலேர்ந்து வந்திருப்பாங்களா?

ஸ்டீஃபன் ஹாக்கிங் 2009 ஜூன் 28ஆம் தேதி கேம்பிரிட்ஜ்ல பார்ட்டி வச்சார், பலூன், ஷாம்பெயின் எல்லாம் ரெடி. அழைப்பிதழ பார்ட்டி முடிஞ்சப்புறம்தான் வெளியிட்டார், டைம் டிராவல் தெரிஞ்சவன் மட்டும் வரட்டும்னு. ஒருத்தரும் வரல. நம்மாளுங்களா இருந்தா கண்டிப்பா வந்திருப்பாங்க, லேட்டா வந்திருப்பாங்க, அவர் லைட்ட அணைச்சிட்டுப் போனப்புறம் வாசல்ல நின்னு பிரியாணி இருக்கான்னு கேட்டிருப்பாங்க.

உங்ககிட்ட டைம் மெஷின் கெடைச்சா எங்க போவீங்க? (பல பேர்)

1981 டிசம்பர் 31, ராத்திரி பதினொன்றரை. அன்னைக்கு அந்த நிமிஷத்துல சிங்கப்பூர் பூரா கடிகாரத்த நேரா பன்னெண்டுக்குத் தள்ளி வச்சோம். மலேசியா தன்னோட கிழக்கு, மேற்குன்னு ரெண்டு பக்கத்துக்கும் ஒரே நேரம்னு மாத்தினதும் நாமளும் கூடவே மாத்திக்கிட்டோம். பதினொன்றரைக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல இருந்த அரை மணி நேரம் இந்த ஊர்ல யாருக்குமே நடக்கல. சென்னைக்கும் நமக்கும் அதுவரைக்கும் ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம், அன்னைக்குத்தான் ரெண்டரை ஆச்சு. எனக்கு அப்ப ஏழு வயசு, புது வருசம் சீக்கிரம் வந்துடுச்சுன்னு குதிச்சேன்.

எங்க பாட்டி மட்டும் அவங்க ரூம் கடிகாரத்த தொடவே விடல. மார்ச் மாசம் வரைக்கும் எங்க வீட்டுல ரெண்டு நேரம் ஓடுச்சு, ஹால்ல ஒண்ணு, பாட்டி ரூம்ல ஒண்ணு, பசியாற கூப்பிட்டா "இன்னும் அரை மணி இருக்கு"ம்பாங்க. அப்பா ஒருநாள் பொறுக்க முடியாம, ஊரே மாத்திடுச்சு நீங்க மட்டும் என்னம்மான்னு கேட்டுட்டார். பாட்டி வெத்தலைய மடிச்சுக்கிட்டே சொன்னாங்க, "42ல ஜப்பான்காரன் வந்து ஒன்றரை மணி நேரத்த எடுத்துக்கிட்டான், தோக்கியோ நேரம்னான். 45ல போறப்ப திருப்பிக் கொடுத்துட்டுத்தான் போனான். இவங்க எடுத்த அரை மணிய எப்ப கொடுப்பாங்கன்னு கேட்டுச் சொல்லு, அப்புறம் மாத்தறேன்."