கட்டை விழுற கேமில அப்பிடி என்ன இருக்கு? கேளுங்கோ, சொல்லுறன்

வணக்கம். கிளிநொச்சியில போனும் கேம் மெசினும் திருத்துறன், டெட்ரிஸ் விளையாடத் தொடங்கி இருபது வருசத்துக்கு மேல. ராவு பத்து மணி வரைக்கும் இருப்பன். கேக்க முதல் ஒண்டு, வீட்டில பழைய பிரிக் கேம் (டெட்ரிஸ் மாதிரி விளையாடுற சின்னக் கை மெசின்) கிடந்தா பற்றரியைக் கழட்டி வையுங்கோ.

மாங்குளம் தம்பி: அண்ணை, கதையும் இல்ல, ஆளும் இல்ல. பிறகேன் கீழ வைக்க மனம் வருதில்ல?

காத்திருக்கிறதுதான் தம்பி இதின்ர ருசி. விழுற கட்டையளை அடுக்கி, குறுக்கால ஒரு வரி இடைவெளி இல்லாம நிரம்பினா அந்த லைன் அழியும், அடுக்கு உச்சிக்கு முட்டினா ஆட்டம் முடிஞ்சுது. கேம்போய் எண்ட நின்டென்டோ கை மெசினின்ர டெட்ரிஸில தொடக்க லெவலில ஒரு லைன் அழிச்சா 40 புள்ளி, அப்பிடி ஒண்டொண்டா நாலு அழிச்சா 160, ஆனா நாலையும் ஒரேயடியா அழிச்சா 1200. அதுக்கு நாலு கட்டம் நீளமான நீட்டுக் கட்டை ஒண்டாலதான் ஏலும். அதால ஒரு கரையில கிணறு மாதிரி இடம் விட்டுட்டு மற்றப் பக்கத்தை மட்டமாக் கட்டிக்கொண்டு போறம், டானாக் கட்டை வருது (எங்கட ட எழுத்து மாதிரி இருக்கிறது), சதுரக் கட்டை வருது, திரும்பவும் சதுரம், ஸ்கிரீன் பாதிக்கு மேல ஏறிட்டுது, இப்ப கிணத்தை அடைக்கிறதோ இன்னும் ஒண்டு பாக்கிறதோ எண்டு நெஞ்சு அடிக்கும் பாருங்கோ, அதுதான் விடுதில்ல.

புதுக்குடியிருப்பு அக்கா: மகனுக்குக் கண்ணை மூடினாலும் கட்டை விழுகுதாம். வருத்தமோ?

இல்லை அக்கா, பயப்பிடாதேங்கோ. 2000ஆம் ஆண்டு ஹார்வர்டில ஆராய்ஞ்சிருக்கினம். ஞாபகம் நிக்காத நோயாளியளுக்கு டெட்ரிஸ் விளையாடினதே மறந்து போச்சு, ஆனாலும் நித்திரை வாற நேரம் கட்டை விழுறது தெரிஞ்சிருக்கு. படுக்க ஒரு மணித்தியாலம் முதல் கேமை அவனிட்ட இருந்து வாங்கி வையுங்கோ, காணும்.

பரந்தன்: பிஎஸ்4 ஃபான் இரையுது, எவ்வளவு வரும்?

கடைக்குக் கொண்டு வாங்கோ, திறந்து பாத்துத்தான் சொல்லலாம்.

முல்லைத்தீவு தங்கச்சி: டெட்ரிஸ் அலுத்திட்டுது. வேற?

லூமினெஸ். 2004இல பிஎஸ்பி எண்ட சோனி கை மெசினுக்கு வந்தது, இப்ப நின்டென்டோ ஸ்விட்சிலயும் இருக்கு. ஒரே நிறத்தை நாலு நாலாச் சதுரமாச் சேர்க்கோணும், சேர்ந்த உடன மறையாது, பாட்டோட ஒரு கோடு வந்து கடந்தாத்தான் மறையும். அந்தக் கோடு வர முதல் இன்னும் எவ்வளவு ஒட்டலாம் எண்டு கை பறக்கும். ஹெட்போன் போட்டு விளையாடுங்கோ.

வவுனியா அண்ணை: புது டெட்ரிஸில ஏழு வகைக் கட்டையையும் சுற்றுச் சுற்றாக் கலக்கி, ஒரு சுற்றில ஒவ்வொண்டையும் ஒருக்காத் தருகினம். நீட்டுக் கட்டை வரும் எண்டு தெரிஞ்சா அது காத்திருப்போ? பழசுதான் உண்மையான கேம்.

உதில நான் ஒத்துக்கொள்ளன் அண்ணை. புதுசில ஒரு நீட்டுக் கட்டைக்கும் அடுத்ததுக்கும் இடையில கூடினது 12 கட்டை. அதை எண்ணிக்கொண்டு கட்டலாம், செத்தா அது என்ர பிழை. பழசில 30 கட்டை போயும் நீட்டுக் கட்டை வராமலும் விடும், ஒழுங்காக் கட்டினவனும் சாவான். அது கெட்டித்தனத்தைச் சோதிக்கிறேல்ல.

மல்லாவி: முதல்ல எதை வாங்கலாம்?

காசு குடுக்க முதல் போனில டெட்ரிஸ் விளையாடிப் பாருங்கோ.

வவுனியா அண்ணை: 2023 டிசம்பரில 13 வயசு அமெரிக்கப் பெடியன் லெவல் 157க்குப் போய், கேமே அதுக்கு மேல ஓட ஏலாம உறைஞ்சு நிக்கப் பண்ணினவன். அது பழைய நின்டென்டோவில தானே?

ஓம், அது பெரிய காரியம், மறுக்கேல்ல. லெவல் ஏற ஏற வேகம் கூடும், லெவல் 29இல கட்டை மேல இருந்து கீழ வர ஒரு செக்கனில மூண்டிலொரு பங்குதான், கொன்ட்ரோலரின்ர பின்பக்கத்தை விரலால உருட்டித் தட்டித்தான் சமாளிக்கிறாங்கள். ஆனா அது கை வேகம். நான் கதைக்கிறது ஏன் மனம் ஒட்டுது எண்டதை.

விசுவமடு: பிரிக் கேம் வேலை செய்யுதில்ல, பற்றரிப் பெட்டிக்குள்ள பச்சையாக் கிடக்கு.

இதைத்தான் முதலே சொன்னனான். பற்றரி கசிஞ்சு பெட்டிக்குள்ள இருக்கிற கம்பிச் சுருளை அரிச்சிட்டுது, வினாகிரியில பஞ்சை நனைச்சுத் துடைச்சுக் காயவிட்டுப் பாருங்கோ. தொண்ணூறுகளில சண்டை நேரம் பற்றரி இஞ்ச தடைப் பொருள், முடிஞ்சதை வெயிலில காயவைச்சு ரேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள். 2002இல சண்டை நிண்டு ஏ9 பாதை திறந்த பிறகு மாமா வாங்கி வந்த பிரிக் கேமுக்கும் அதே பழக்கம்தான், காயவைச்ச பற்றரியைப் போட்டு, நீட்டுக் கட்டை வர முதல் ஸ்கிரீன் மங்கிப் போகும். கடைசியில அதுகும் கசிஞ்சுதான் பழுதானது.

வவுனியா அண்ணை: பாத்தியோ, அந்தக் காத்திருப்பு புதுசில இல்லை.

அண்ணை, ஞாயிறு கடைக்கு வாங்கோ. ரெண்டு மெசினும் வைச்சிருக்கிறன், பழசில நீங்கள், புதுசில நான், பிறகு மாறி இருப்பம்.