பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை: பக்கவாதத்துக்குப் பின் வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் பார்த்த என் அப்பாவுக்கு இரண்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்தது. வலது கை, கால் கொஞ்சம் தேறிவிட்டன. எதைக் கேட்டாலும் "அதான்… அதான்" என்கிறார். ஆனால் முருகன் பாட்டை வரி பிசகாமல் பாடுகிறார். கோபம் வந்தால் நன்றாகத் திட்டுகிறார். வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாரா? நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார்கள். பேச்சு திரும்புமா? – வாசகி, உசிலம்பட்டி

பதில்: வேண்டுமென்று செய்யவில்லை. இதை முதலில் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். நாக்கில் பழுது என்றால் பாட்டும் குழறியிருக்கும். ஆகவே வசம்புக்கு இங்கே வேலை இல்லை. பழுது மூளையில், சொல்லைத் தேடியெடுத்துக் கோக்கும் இடத்தில். இதற்கு அஃபேசியா என்று பெயர்.

வலது கைப் பழக்கமுள்ளவர்களில் ஏறக்குறைய 100க்கு 95 பேருக்கு மொழி மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. உடம்பின் வலப் பாதியை ஆள்வதும் அந்தப் பக்கம்தான். அதனால்தான் வலது கை விழும்போது பேச்சும் சேர்ந்து போகிறது. "டான்" என்ற ஒலியைத் தவிர வேறெதுவும் அநேகமாகச் சொல்ல முடியாத ஒருவர் இறந்தபின், அவர் மூளையின் இடது முன்பகுதியில் சேதம் இருப்பதை 1861-ல் பிரெஞ்சு மருத்துவர் ப்ரோகா காட்டினார். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்பாவின் "அதான்" இந்த வகையாகத் தெரிகிறது. புரிதல் பெருமளவு இருக்கும், சொல் வராது. வரத் தொடங்கும்போதும் "கடை… பால்" என்றுதான் வரும். "கடைக்குப் போய்ப் பால் வாங்கணும்" என்பதில் "க்கு" என்ற உருபும் வினையும் உதிர்ந்துவிடும். காதுக்கு மேலே சற்றுப் பின்தள்ளியுள்ள பகுதி அடிபட்டால் கதை வேறு: சரளமாகப் பேசுவார்கள், பொருள் இருக்காது, நாம் சொல்வதும் புரியாது. 1874-ல் வெர்னிக்கே விளக்கியது இது. அதைப் புத்தி பேதலித்ததாக நினைத்துவிடக் கூடாது.

பாட்டும் திட்டும் எண் வரிசையும் பழகிப் பழகி முழுத் தொடராகவே மனதில் தங்கியவை. ஒவ்வொரு சொல்லாகத் தேட வேண்டியதில்லை. மூளையின் வலப்பக்கமும் கைகொடுக்கிறது. பயிற்சியை இந்த வழியாகவே தொடங்கலாம். எதிரே உட்கார்ந்து அவர் இடது கையைப் பிடித்து, "தண்-ணி-வே-ணும்" என்று அசைக்கு ஒரு தட்டாக மேசையில் தட்ட வையுங்கள். முதலில் ராகத்தை மட்டும் முனகுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து பாடுங்கள். நடுவில் நீங்கள் நிறுத்திக்கொள்ள, அவர் முடிக்கட்டும். தனியாக வரத் தொடங்கியதும் ராகத்தைக் குறைத்துப் பேச்சாக்குங்கள். ஒரு வாரத்துக்கு மூன்று நான்கு தொடர் போதும்.

சொற்பயிற்சிக்குக் குழந்தைப் புத்தகத்தின் "அணில், ஆடு" வேண்டாம். அவர் தொழிலில் புழங்கிய சொற்களே முதலில் பிடிபடும்: மல்லி, பிச்சி, சம்பங்கி, நார், தராசு. பூவைக் கையில் கொடுங்கள், முகரட்டும். பத்து எண்ணும் நேரம் வாய் திறக்காமல் காத்திருங்கள். பெரும்பாலான வீடுகளில் தவறுவது இங்கேதான்; பாசத்தில் நாமே சொல்லிவிடுகிறோம். வராவிட்டால் "தலையில வைக்கிற…" என்று தொடருங்கள், அப்புறம் "மல்…" என்று முதல் ஒலி. 20 நிமிடம், தினம் இரண்டு வேளை; களைப்பு வந்தால் நிறுத்துங்கள்.

டிவியை அணைத்துவிட்டு ஒருவர் மட்டும் பேசுங்கள். "என்ன வேணும்?" என்பதைவிட, டம்ளர்களைக் காட்டி "காபியா, டீயா?" என்று கேளுங்கள். தலையாட்டலை நம்பாதீர்கள். "ஆமா"வும் "இல்ல"யும் இவர்களுக்கு இடம் மாறும். கட்டைவிரலை மேலே, கீழே காட்டச் சொல்லிச் சரிபாருங்கள். சிலேட்டைக் கொடுத்து எழுதச் சொல்வதும் பலன் தராது, எழுத்தும் பெரும்பாலும் அதே இடத்தோடு போயிருக்கும். போனில் வீட்டார், சோறு, மாத்திரை, கழிப்பறைப் படங்களை எடுத்து வைத்துத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

முதல் மூன்று மாதத்தில் தேர்ச்சி வேகமாக இருக்கும். அதனால் இப்போதே ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பாருங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை நரம்பியல் பிரிவுக்கு ஸ்கேனும் டிஸ்சார்ஜ் தாளும் கொண்டுபோய், பேச்சுப் பயிற்சி எங்கே என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆறு மாதம் கடந்தால் வராது என்பது சரியல்ல, வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும். பழையபடி முழுதாக வருமா என்பது சேதத்தின் அளவைப் பொறுத்தது.

தண்ணீர் குடிக்கும்போது இருமினால் விழுங்குதலையும் சோதிக்கச் சொல்லுங்கள். உணவு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். பிரஷர் மாத்திரையை ஒரு வேளையும் விடாதீர்கள். பேச்சு திடீரென முன்னைவிடக் குழறினாலோ வாய் கோணினாலோ உடனே 108. மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.